ஒட்டிக்கொண்டு வந்த மட்டிகள்

சென்ற இதழில் உப்பளங்களின் பழைய கதையை எழுதியதைப் படித்துவிட்டு, "அடுத்தது முத்துக்குளிப்புதானே அண்ணாச்சி?" என்று நம் குடியிருப்பில் சிலர் கேட்டார்கள். முத்தைப் பற்றி நம்மூரில் எழுதாதவர் யார்? கொற்கையில் தொடங்கி கோவில் கொடை வரைக்கும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஆகவே முத்துச் சிப்பியின் தூரத்து உறவுக்காரர்களைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டோ, கப்பலின் வயிற்றுத் தண்ணீரில் மிதந்துகொண்டோ ஊர் ஊராகப் போய்க் குடியேறிய மட்டிகளின் கதை இது. நான் பி.காம். படித்தவன். உயிரியல் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் வரவு, செலவு, நஷ்டம் என்று பார்க்கத் தெரிந்தால் இந்தக் கதையில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

முதலில் நம் முத்துச் சிப்பியிலிருந்தே தொடங்குகிறேன். சிப்பி குஞ்சாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் சுமார் 3 வாரம் கடல்நீரில் மிதந்து திரியும். அதன் பிறகு பாறையில் இறங்கி, பட்டு நூல் போன்ற நாரை விட்டுத் தன்னைக் கட்டிக்கொள்ளும். நம் கரைக்கு எதிரே கடலுக்கடியில் இருக்கும் அந்தப் பாறைத் திட்டுகளைத்தான் 'பார்' என்கிறோம். தோலாயிரம் பார் என்ற பெயரைக் கேட்காத பழைய தூத்துக்குடிக்காரர் இருக்க மாட்டார். மிதந்து திரியும் குஞ்சு, நார் விட்டு ஒட்டும் பழக்கம் இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரப்போகும் எல்லா மட்டிகளுக்கும் முதலீடு இந்த இரண்டும்தான்.

முத்துச் சலாபம் என்பது ஆண்டுதோறும் தவறாமல் வந்த வருமானம் அல்ல. 1822-லும் 1830-லும் நம் பக்கம் நல்ல சலாபம் நடந்தது. அதற்குப் பிறகு 1861 வரை சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. முப்பது வருஷம் என்றால் ஒரு தலைமுறைக் குளியாளிகள் தொழிலையே பார்க்காமல் வளர்ந்திருப்பார்கள். அரசாங்கத்துக்கும் இது பெரிய தலைவலி. சிப்பி ஏன் காணாமல் போகிறது என்று கண்டுபிடிக்க, இலங்கைப் பக்கத்தில் ஹெர்ட்மன் என்ற பேராசிரியரையும் அவருக்குத் துணையாக ஜேம்ஸ் ஹார்னெலையும் 1902 வாக்கில் அமர்த்தினார்கள். ஹார்னெல் பிறகு நம் மன்னார் வளைகுடாப் பக்கத்தையும் ஆராய்ந்து 1905-ல் அறிக்கை கொடுத்தார். அவர்கள் சொன்ன காரணங்கள் பல. நகரும் மணல் பாரை மூடிவிடுகிறது, திருக்கை தின்றுவிடுகிறது, நட்சத்திர மீன் தின்றுவிடுகிறது, இடநெருக்கடி. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. குளியாளிகள் 'சுரன்' என்று சொன்ன ஒரு சின்ன மட்டி. அது தன் நாரால் ஒன்றோடொன்று பின்னிப் பாய் முடைந்ததுபோல் பாரின் மேல் பரவி, இளம் முத்துச் சிப்பிகளை மூச்சுமுட்ட வைத்துவிடும்.

சுரன் அந்நியன் அல்ல, இதே கடலில் பிறந்தது. ஒரு வருஷம் பெருகும், அடுத்த வருஷம் அடங்கும். அதைத் தின்னவும் மீன்கள் உண்டு. ஆனாலும் அது பாய் விரித்த வருஷங்களில் பாரின் கதி என்ன ஆனது என்று பார்த்தவர்களுக்கு, அதே வேலையைத் தின்ன ஆளில்லாத, அடக்க ஆளில்லாத ஒரு வெளியூர் மட்டி செய்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படி உலகத்துக்கே பாடம் நடத்தியது 'வரிக்குதிரை மட்டி'. விரல்நகம் அளவுதான் இருக்கும், ஓட்டில் வரி வரியாகக் கோடு. இது நன்னீர் மட்டி. கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்து ஆறுகள் அதன் சொந்த ஊர். ஐரோப்பாவில் ஆறுகளைக் கால்வாய் வெட்டி இணைத்தபோது மரக்கட்டைகளோடும் படகுகளோடும் மேற்கே வந்து, 1824-ல் லண்டன் கப்பல்துறையில் தலைகாட்டியது. அட்லாண்டிக்கைத் தாண்ட அதற்கு இன்னும் 160 வருஷம் பிடித்தது. உப்புநீரில் அது வாழாது. ஆகவே கப்பலின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு கடல் தாண்ட முடியவில்லை. கப்பலின் உள்ளே தண்ணீர்த் தொட்டியில் ஏறிக்கொண்ட பிறகுதான் முடிந்தது.

இங்கே பேலஸ்ட் தண்ணீர் பற்றி நாலு வரி சொல்லியாக வேண்டும். சரக்கில்லாத கப்பல் லேசாகி மேலே தூக்கிக்கொள்ளும், காற்றில் ஆடும். அந்தக் காலத்தில் பாய்மரக் கப்பல்காரர்கள் அடித்தட்டில் கல்லையும் மணலையும் போட்டு நிறுத்தினார்கள். நம்மூர்த் தோணிக்காரர்களுக்கும் இது தெரிந்த சங்கதிதான். இரும்புக் கப்பல்கள் வந்த பிறகு கல்லுக்குப் பதில் தண்ணீரையே தொட்டியில் ஏற்றிக்கொள்வது சுலபமாகிவிட்டது. சரக்கை இறக்கும் துறைமுகத்தில் தண்ணீரை ஏற்றுவார்கள், சரக்கை ஏற்றும் துறைமுகத்தில் அந்தத் தண்ணீரைக் கொட்டுவார்கள். தண்ணீர் மட்டுமா கொட்டுகிறது? அதில் மிதக்கும் மட்டிக் குஞ்சு, நண்டுக் குஞ்சு, பாசி, கிருமி எல்லாமும்தான். கல்லில் கடல் உயிர்கள் செத்துப் போகும். தண்ணீரில் அவை சொகுசாகப் பயணம் செய்யும்.

1988-ல் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே உள்ள செயின்ட் கிளேர் ஏரியில் வரிக்குதிரை மட்டியைக் கண்டார்கள். அடுத்த வருஷம் டிசம்பரில், மிச்சிகன் மாநிலத்து மன்றோ என்ற ஊரில் குடிதண்ணீர் நின்றுவிட்டது. ஏரியிலிருந்து தண்ணீர் எடுக்கும் குழாயை மட்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன. இரண்டு மூன்று நாள் ஊரே தவித்தது. ஒரு பெண் மட்டி வருஷத்துக்கு 10 லட்சம் முட்டை வரை விடும் என்கிறார்கள். கூட்டுவட்டி எப்படிப் பெருகும் என்று தெரிந்த நமக்கே அந்தக் கணக்கு தலையைச் சுற்றுகிறது.

குழாய் அடைப்பாவது கண்ணுக்குத் தெரிந்த நஷ்டம். ஏரிக்குள்ளே நடந்தது அதைவிட விசித்திரம். ஒரு மட்டி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்பாசியைத் தின்றுவிட்டு வெளியே விடும். கோடிக்கணக்கான மட்டிகள் சேர்ந்து இதைச் செய்ததில் கலங்கலாக இருந்த ஏரி கண்ணாடியாகத் தெளிந்துவிட்டது. "நல்லதுதானே" என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள், நானும் படிக்கும்போது அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் கலங்கல் அழுக்கல்ல, மீன் குஞ்சுகளின் சாப்பாடு. நடுத்தண்ணீரில் இருந்த சத்தெல்லாம் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. தெளிந்த நீரில் வெயில் ஆழம் வரை இறங்கவே, அடியில் பாசிக்கொடி காடாக வளர்ந்து, அறுந்து, கரையில் ஒதுங்கி நாறியது. மட்டிக்கு வாய்க்குப் பிடிக்காத நச்சுப்பாசியை அது துப்பிவிடும். அதனால் நல்ல பாசி குறைந்து கெட்ட பாசி மிஞ்சியது. அந்த ஏரிகளுக்கே உரிய பெரிய நன்னீர் மட்டிகளின் முதுகில் இந்தப் பொடிமட்டிகள் கும்பலாக ஏறி உட்கார்ந்ததில், அவை வாய் திறக்க முடியாமல் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தென் அமெரிக்காவில் 1991-ல் லா பிளாட்டா ஆற்று முகத்தில் இறங்கிய 'தங்க மட்டி' சீனப் பக்கத்து இனம். ஆற்றோடு எதிரேறி, பத்து வருஷத்தில் இத்தைப்பூ மின்நிலையம் வரை போய்விட்டது.

அதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். வரிக்குதிரை மட்டியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று நம் கிழக்குக் கரைக்கு அமெரிக்காவுக்கும் முன்பே வந்துவிட்டது. கரீபியன் கடல், மெக்சிகோ வளைகுடா ஊர்க்காரன். 1967-ல் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் ஆந்திரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைக் கண்டார்கள். அங்கே கப்பல் அடியிலும் கல்சுவரிலும் ஏற்கெனவே ஒட்டி வாழ்ந்த உயிர்களை ஓரங்கட்டிவிட்டு அதுவே குத்தகை எடுத்துக்கொண்டது. அடுத்த சில வருஷங்களில் மும்பைக் கடற்படைத் தளத்திலும் பிடிபட்டது. கட்டைவிரல் நுனி அளவு, ஒரு மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயார். எல்லாவற்றையும்விட நம்மைப் போன்ற கழிமுகத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது, அது ஏறக்குறைய நன்னீரிலிருந்து கடலைவிட அதிக உப்பு நீர் வரை எதையும் தாங்கும். உப்பளத்து வாய்க்காலும் சரி, ஆற்று முகமும் சரி, அதற்கு ஒன்றுதான்.

இதே மட்டியை 1999 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தில் கண்டார்கள். ஆறு மாதம் முன்பு பார்த்த சர்வேயில் ஒன்றுகூட இல்லை. இப்போது படகுத்துறைச் சுவரெல்லாம் அப்பிக்கிடந்தது. அந்த அரசாங்கம் செய்ததை நான் இரண்டு முறை படித்தேன். மூன்று படகுத்துறைகளை உடனே இழுத்து மூடினார்கள். குளோரினையும் மயில்துத்தத்தையும் டன் கணக்கில் கொட்டினார்கள். உள்ளே இருந்த மீன், நண்டு, மட்டி எல்லாம் செத்தது. ஏற்கெனவே வெளியே போய்விட்ட படகுகளையும் துரத்திப் பிடித்துச் சோதித்தார்கள். 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவு. சுமார் ஒரு மாதத்தில் மட்டி ஒழிந்தது. நிலைகொண்டுவிட்ட கடல் மட்டியை ஓர் ஊர் முழுசாகத் துடைத்தெறிந்தது மிக அபூர்வம்.

அது எப்படி முடிந்தது என்பதில்தான் சூட்சுமம். டார்வினில் கடல் ஏற்ற இறக்கம் 8 மீட்டர் வரை போகும். தண்ணீர் வற்றும்போது படகுகள் தரைதட்டாமல் இருக்க அந்தப் படகுத்துறைகளுக்குக் கதவு போட்டு வைத்திருந்தார்கள். கதவைச் சாத்தினால் அது ஒரு தொட்டி, மருந்து அடிக்கலாம். நம் தூத்துக்குடியில் ஏற்ற இறக்கம் 1 மீட்டர்கூட வராது. கதவுக்கு இங்கே தேவையே இருந்ததில்லை. நம் துறைமுகத்துக்கு இருப்பவை ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு அலைதடுப்புச் சுவர்களும், இடையே எப்போதும் திறந்திருக்கும் வாசலும். வாசலுக்கு வெளியே மன்னார் வளைகுடா, 1986-ல் அறிவித்த தேசியப் பூங்கா, 21 தீவுகள், பவளப்பாறைகள், மிச்சமிருக்கும் பார்கள். மயில்துத்தம் கொட்டும் வைத்தியத்துக்கு இங்கே இடமே இல்லை. ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டால் உட்கார்ந்ததுதான்.

கேரளத்தில் அதைத்தான் பார்த்தார்கள். தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த இன்னொரு மட்டி பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர் வழியே கிழக்காசியாவில் பரவிக்கொண்டிருந்தது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளக் காயல்களில் அது பெருகிக் கிடப்பதை மீனவர்கள் கண்டார்கள். 2019-ல் ஆய்வாளர்கள் பெயர் சொல்லி உறுதிப்படுத்தினார்கள். அஷ்டமுடிக் காயலின் மட்டி மீன்பிடிப்பு 2014-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சர்வதேசச் சான்றிதழ் வாங்கியது, ஏற்றுமதி நடந்தது. அந்தக் காயலில்தான் இந்த அந்நிய மட்டி கொத்துக் கொத்தாய்ப் பின்னி நல்ல மட்டியின் படுகையை மூடியது. கடைசியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் மட்டிக் குஞ்சு வளர்த்துக் காயலில் விட வேண்டியதாயிற்று.

அதே மட்டிதான் சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டுப் பக்கமும். எண்ணூர் மீனவர்கள் அதற்கு வைத்த பெயர் 'காக்கா ஆழி'. பச்சை ஆழி சாப்பாட்டுக்கு ஆகும், காக்கா ஆழி ஆகாது என்பது அவர்கள் கணக்கு. கழிமுகத்தின் சேற்றுத் தரையை அது தார் ரோடு போட்டதுபோல் மூடிவிடுகிறது. இறால் சேற்றில் புதைந்து வாழும் பிராணி, தரை மூடினால் அதற்கு வீடில்லை. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் மற்றவர்களுக்கும் பிழைப்பில்லை. மஞ்சள் மட்டி போயிற்று, காலை வைத்தால் ஓடு கிழிக்கிறது. கப்பல்கள்தான் கொண்டுவந்தன என்று மீனவர்கள் முறையிட்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வழக்கை எடுத்துக்கொண்டது. நீர்வளத் துறை மட்டியை அள்ளி அகற்ற 8.5 கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டது. அள்ளலாம்தான். ஆனால் அள்ளும்போதே முட்டை விடும் பிராணி அது. வாராக்கடனை ஒருபக்கம் தள்ளுபடி செய்துகொண்டே மறுபக்கம் புதுக்கடன் கொடுப்பது போலத்தான் எனக்குப் படுகிறது.

நியாயமாகப் பேசினால் நாமும் ஏற்றுமதி செய்திருக்கிறோம். நம் கடலோரத்துப் பச்சை ஆழி 1990-ல் டிரினிடாடில் போய் இறங்கியது. 1999-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் டாம்பா விரிகுடாவில் மின்நிலையக் குழாயை அடைத்தது. இங்கே நாம் காசு கொடுத்து வாங்கிக் குழம்பு வைக்கும் பச்சை ஆழியை அங்கே பீடை என்கிறார்கள். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர்ச் சுரங்கத்திலும் அது அடையாய் ஒட்டி எத்தனையோ விஞ்ஞானிகளுக்கு வேலை கொடுத்தது, ஆனால் அது சொந்த ஊர்க்காரனின் தொல்லை. அதைவிட ஆச்சரியம், சூயஸ் கால்வாய் 1869-ல் திறந்து ஐந்தே வருஷத்தில் நம் முத்துச் சிப்பிக்கு மிக நெருங்கிய ஒரு சிப்பி எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் பதிவானது. சலாபம் எப்போது வரும் என்று இங்கே நாம் வருஷக்கணக்கில் காத்துக்கிடந்த நேரத்தில் அது மத்தியதரைக் கடலுக்குக் குடிபோயிருக்கிறது!

நம் துறைமுகத்தின் கணக்கைப் பார்ப்போம். 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவித்தார்கள். அதற்கு முன் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நங்கூரமிட, தோணிகள்தான் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. இப்போது நமக்கு இறக்குமதியே அதிகம், முக்கியமாக நிலக்கரி. நிலக்கரியோடு நிறைந்து வரும் கப்பல் இங்கே தண்ணீரைக் கொட்டாது, போகும்போது நம் தண்ணீரை ஏற்றிக்கொண்டு போகும். ஆக பேலஸ்ட் கணக்கில் நமக்குப் பற்றைவிட வரவு குறைவு என்று ஓரளவு ஆறுதல் கொள்ளலாம். ஆனால் உப்பும் கருங்கல்லும் ஏற்ற வெறுங்கப்பல் வரும்போது கணக்கு மாறும். கப்பல் அடியில் ஒட்டிக்கொண்டு வருவதற்கோ இந்தக் கணக்கே பொருந்தாது. நிறைகப்பலுக்கும் வெறுங்கப்பலுக்கும் அடி உண்டு. ஒட்டும் உயிர்களைக் கொல்ல வெள்ளீயக் கலவைப் பெயிண்ட் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தார்கள். அது சங்கு இனங்களையே மலடாக்கியதால் 2008-ல் உலக அளவில் தடை வந்தது. சங்கு குளிக்கும் ஊரில் இருந்துகொண்டு அந்தத் தடையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

சட்டம் இல்லாமல் இல்லை. பேலஸ்ட் தண்ணீர் குறித்த சர்வதேச ஒப்பந்தம் 2004-ல் எழுதப்பட்டு, 2017 செப்டம்பர் 8-ல் நடைமுறைக்கு வந்தது. கப்பல்கள் நடுக்கடலில் தண்ணீரை மாற்றுவதும் 2024 வரை ஒரு வழியாக இருந்தது, இப்போது பொதுவாகக் கப்பலிலேயே சுத்திகரிக்க வேண்டும். பெரிய நுண்ணுயிர்கள் என்றால் 1 கன மீட்டர் தண்ணீரில் உயிரோடு 10-க்கும் குறைவாகத்தான் இருக்கலாம். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் பெருந்துறைமுகங்களில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கணக்கெடுத்தபோது தூத்துக்குடியும் அதில் இருந்தது. தொடக்க இருப்பு தெரியாமல் லாப நஷ்டக் கணக்கு போட முடியாது என்பதால் இது எனக்குப் பிடித்த வேலை. ஆனால் ஒருமுறை எழுதி மூடிவைத்த பேரேடு உதவாது. டார்வினில் ஆறு மாதத்தில் என்ன நடந்தது என்று மேலே சொன்னேன்.

வேண்டுமென்றே கொண்டுவந்ததையும் விட்டுவிடக்கூடாது. கப்பாபைகஸ் என்ற கடற்பாசியை வருமானத்துக்காக மண்டபம் பக்கம் வளர்த்தார்கள். 2008-ல் அது குருசடைத் தீவருகே பவளத்தின் மேல் படர்ந்து மூடியதை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பாசி வளர்த்துப் பிழைக்கும் பெண்கள் பலர் இருப்பதால் அது தனிக் கட்டுரைக்கு உரிய வழக்கு.

நம் பக்கத்தில் கடைசியாகப் பெரிய சலாபம் 1955 முதல் 1961 வரை நடந்தது. அதன்பின் பார்கள் தேறவில்லை. 1973-ல் வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள நிலையத்தார் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்கள். ஒருநாள் தோலாயிரம் பாரில் மறுபடி சிப்பி இறங்கும் என்று நம்புகிற பெரியவர்களை நான் கவுண்டரில் இருந்த காலத்தில் பார்த்திருக்கிறேன். இறங்கினாலும், பார் காலியாக இருந்தால்தான் அதற்கு இடம்.

ஆற்றுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். தாமிரபரணி கோடையில் ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டினால் மெலிந்துவிடுகிறது, புன்னைக்காயல் முகத்தில் உப்பு ஏறுகிறது. உப்பு, நன்னீர் இரண்டையும் தாங்கும் மட்டிக்கு அப்படிப்பட்ட இடம்தான் தோது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தபோது குளமும் ஆறும் கடலும் ஒன்றாய்க் கிடந்ததை மறந்திருக்க மாட்டோம். கேரளத்தில் காயல் மட்டி கண்ணில் பட்டதும் அப்படியொரு வெள்ளத்துக்குப் பிறகுதான். நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் வல்லநாட்டில் அதே ஆற்றிலிருந்து எடுப்பது.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமைகளில் முயல் தீவு, கோரம்பள்ளம் ஓடை, புன்னைக்காயல் பக்கம் போகிறவர்களும், தூண்டில் போடும் நம் குடியிருப்புப் பிள்ளைகளும் கொஞ்சம் கண் வைக்கலாம். பாலத்தூண், படகடி, கயிறு, மிதவை இவற்றில் கறுப்போ பழுப்போ நிறத்தில் சின்ன மட்டிகள் திராட்சைக் கொத்துபோல் நாரால் பின்னிக் கிடக்கிறதா என்று பாருங்கள். பச்சை ஆழி என்றால் ஓட்டின் ஓரத்தில் பச்சை தெரியும், அது நம்முடையது. வேறு மாதிரி தெரிந்தால் பிய்த்து வேறு தண்ணீரில் எறிய வேண்டாம். போட்டோ எடுத்து, இடமும் தேதியும் எழுதி, நம் ஊரிலேயே இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலோ மீன்வளக் கல்லூரியிலோ காட்டலாம். போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக்கொள்ளுங்கள், அளவு தெரியும்.